தெரு ஃப்ரிட்ஜ்: வைக்க ஆள் கிடைக்கும், எடுக்க வருவார்களா?

30 மார்ச் 2024, மாலை 6.05 (கேள்வி)
மதுரையில் இருக்கிறோம். எங்கள் தெருவில் 40 வீடு. ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வரும்போது பார்த்தால் வாளிக்கு வாளி சோறு, இட்லி, பாதி பன் பாக்கெட். என் வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வாசலில் வைத்து, மீந்ததை எல்லாரும் வைக்கட்டும், தேவைப்பட்டவர்கள் எடுக்கட்டும் என்று ஆசை. என் தம்பி, "ஒரே மாதத்தில் நாறிப்போகும், யாராவது வாந்தி எடுத்தால் உன்னைத்தான் பிடிப்பார்கள்" என்கிறான். நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். சமைத்த சாப்பாடு வைக்கலாமா, கூடாதா?

30 மார்ச், இரவு 10.40 (பதில்; இதன் பிறகு வருவதெல்லாமும் நான் எழுதியதுதான்)
வையுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் 2022 ஆகஸ்டிலிருந்து ஒன்று நடக்கிறது. ஆறு பேர் பார்த்துக்கொள்கிறோம். முதல் இரண்டு மாதம் நாங்களும் வீட்டு ஃப்ரிட்ஜைத்தான் வைத்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே கதவைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்தால் எந்த ஃப்ரிட்ஜும் குளிராது. அதைவிடப் பெரிய சிக்கல், மூடிய கதவைத் திறக்கவே ஆட்கள் கூச்சப்பட்டார்கள். அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறப்பது மாதிரி. அப்புறம் மூடப்போன ஒரு கூல்டிரிங்ஸ் கடையிலிருந்து கண்ணாடிக் கதவு கூலரை 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். நடந்து போகும்போதே உள்ளே இருப்பது தெரியும். அன்றிலிருந்துதான் சாமான் நகர ஆரம்பித்தது.

சமைத்த சாப்பாடு கூடாது. பால், தயிர் பாக்கெட், பிரெட், காய், பழம், பிரிக்காத பிஸ்கட், இவை மட்டும் போதும்.

31 மார்ச், காலை 7.15
இது புதுச் சரக்கு இல்லை என்பதை உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். 2017 ஆகஸ்டில் சென்னை பெசன்ட் நகரில் ஒரு பல் மருத்துவர் தெருவோரம் ஒரு ஃப்ரிட்ஜ் வைத்தார். பெயர் 'ஐயமிட்டு உண்'. ஔவையின் ஆத்திசூடியில் நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த வரி. பக்கத்திலேயே துணிமணி, புத்தகம், பொம்மை வைக்க அலமாரி. அதற்கு முந்தைய ஆண்டு, 2016-ல், கொச்சி கலூரில் ஓர் உணவகக்காரப் பெண் தன் கடை வாசலில் வைத்ததற்கு 'நன்ம மரம்' என்று பெயர். ராத்திரி பகல் எந்நேரமும் திறந்தே வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் கல்தகாவோ என்று ஒரு சிற்றூர், 2015. அங்கே ஃப்ரிட்ஜைச் சுற்றி ஒரு சின்ன மரவேலி போட்டார்கள். யாரோ தூக்கிப் போட்ட பழைய சாமான் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக. இந்த ஒரு விஷயத்தை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்களுடையது வேலி இல்லை, தகரக் கூரையும் கீழே ஒரு சிமெண்டுத் திண்ணையும். திண்ணை வந்ததும் அது 'இடம்' ஆகிவிட்டது. பூ கட்டுகிற பாட்டி அங்கேதான் உட்காருகிறார்.

2 ஏப்ரல், இரவு 11.20
30-ஆம் தேதி சமைத்தது கூடாது என்று ஒரே போடாகப் போட்டேன். அது எங்கள் முதல் நான்கு மாத விதி. இப்போதைய விதி அது இல்லை. அவசரத்தில் பழையதை எழுதிவிட்டேன். ஏன் மாறினோம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியே அதுதான்.

அந்த நான்கு மாதமும் ஃப்ரிட்ஜில் கத்திரிக்காய், முருங்கைக்காய், அரைக் கிலோ ரவை என்று நிறைந்திருக்கும். எடுத்துப் போனவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் எங்களைப் போலக் குடும்பம் நடத்துகிறவர்கள். அதில் தப்பில்லை. ஆனால் எதிர் அடுக்குமாடியில் ராத்திரிக் காவலுக்கு இருக்கும் அண்ணன் தினமும் வந்து பார்ப்பார், ஒரு வாழைப்பழம் மட்டும் எடுப்பார், போய்விடுவார். ஒருநாள் கேட்டேன், காய் எடுத்துக்கொள்ளலாமே என்று. "எடுத்து எங்கேம்மா சமைக்கிறது?" என்றார். லிஃப்ட் மோட்டார் அறையில் படுத்துத் தூங்குகிறவர். அடுப்பே கிடையாது.

அடுப்பு இல்லாதவருக்குக் கத்திரிக்காய் கொடுத்து என்ன பிரயோஜனம்? கட்டடவேலைக்கு வந்தவர்கள், மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்கள், வேலை தேடி வந்து விடுதியில் தங்கியிருக்கும் பையன்கள், யாருக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு சிக்கலோ, அவர்களில் பாதிப் பேருக்குச் சமைக்க இடம் இல்லை. அன்று இரவு ஆறு பேரும் உட்கார்ந்து பேசி விதியை மாற்றினோம்.

இப்போது சமைத்தது வைக்கலாம். இரண்டு நிபந்தனை. ஒன்று, இன்று சமைத்தது, அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு வர வேண்டும். இரண்டு, பரிமாறுவதற்கு முன்னால் எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும். தட்டில் போட்டுக் கிளறியது, கை வைத்தது, எதுவும் கூடாது. எச்சில் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

3 ஏப்ரல், காலை 6.50
நேற்று எழுதியதில் விட்டுப்போனது: மறுநாள் இரவுக்குள் போகாத சமைத்த உணவை நாங்களே அப்புறப்படுத்திவிடுவோம். இதில் கருணை காட்டாதீர்கள். "வாசனை நன்றாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

7 ஏப்ரல், மதியம் 3.30
இங்கே படிக்கும் திருப்பூர் அண்ணன் ஒருவர் மடக்குகிறார்: "பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த சனம் நாம். ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சோறுதானே அது? இரண்டு மணி நேரக் கணக்கெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு."

பழைய சோற்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. ஆனால் அதில் தண்ணீர் ஊற்றுகிறோம், அது ராத்திரியில் புளிக்கிறது, அந்தப் புளிப்பு பல கெட்ட கிருமிகளுக்கு ஆகாது. காலையில் நம் வீட்டிலேயே, நம் கண்முன்னே சாப்பிடுகிறோம். பொட்டலம் கட்டிய எலுமிச்சைச் சாதமும் தக்காளிச் சாதமும் வேறு. வெந்த சோற்றிலும் சாகாமல் இருக்கும் ஒரு கிருமி உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்பார்கள். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அது பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால்தான் 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே என்கிற கணக்கு. நடுவில் இருக்கும் சூடுதான் ஆபத்து. சென்னை வெயிலில் நம் சமையலறையே அந்த நடுவில்தான் இருக்கிறது.

தேங்காய்ச் சட்னியை நாங்கள் வாங்குவதே இல்லை. முதலில் கெடுவது அதுதான். இட்லிக்குப் பொடி வைத்துக் கொடுங்கள்.

7 ஏப்ரல், மதியம் 3.52
வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் அடுக்காதீர்கள், தோல் கறுத்துவிடும், யாரும் தொட மாட்டார்கள். பக்கத்தில் ஒரு கூடை போதும். வெங்காயம், உருளைக்கிழங்கும் அப்படியே.

14 ஏப்ரல், இரவு 9.10
புத்தாண்டு வாழ்த்து. இன்று எங்கள் ஃப்ரிட்ஜில் 11 டப்பா பாயசம். வேறு எதுவும் இல்லை. தெருவில் நாளைக்கு எத்தனை வீட்டில் சர்க்கரை அளவு ஏறும் என்று இஸ்திரி அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

15 ஏப்ரல், காலை 8.00
நேற்றைய பாயசத்தில் ஒன்பது போய்விட்டது. மீதி இரண்டும் பால் பாயசம், கொட்டியாகிவிட்டது. முன்பே பேசி வைத்திருந்தால் ஐந்து வீடு பாயசம், ஐந்து வீடு சாதம் என்று பிரித்திருக்கலாம். பொங்கலுக்கு அப்படிச் செய்தோம், இந்த முறை விட்டுவிட்டோம்.

எதில் போட்டு வைப்பது, டப்பாவா பாத்திரமா என்று கேட்டவருக்கு: எவர்சில்வர் பாத்திரம் வைக்காதீர்கள், திரும்பாது என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் அதைத்தான் சொன்னோம். ஆனால் கீழ் வீட்டு அக்கா கேட்கவில்லை. பெயர் பொறித்த தூக்குவாளியில்தான் வைப்பார். வாளி மூன்றாவது நாள் திண்ணைக்கு வரும், உள்ளே நாலு எலுமிச்சம்பழமோ ஒரு கைப்பிடி கறிவேப்பிலையோ இருக்கும். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று அம்மா கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பாரே, அதே பழக்கம். யார் என்று இன்றுவரை தெரியாது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் இது நடக்காது. இருந்தாலும் எல்லாருக்கும் வாளியைச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அக்காவுடைய மூன்று வாளி போயே போய்விட்டது.

21 ஏப்ரல், இரவு 10.05
வைப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு சென்ற மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆக, வைக்க ஆள் பற்றாக்குறை வராது. எடுப்பதுதான் கடினம். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

எங்கள் முதல் பலகையில் 'பசித்த ஏழைகளுக்காக' என்று பெரிய எழுத்தில் போட்டோம். மனசார நல்லெண்ணத்தில்தான். யாரும் பகலில் வரவில்லை. அப்புறம் திருட்டுப் போய்விடுமோ என்று கேமரா வைத்தோம். ராத்திரியும் வரவில்லை. பால் பாக்கெட் அப்படியே இருந்து திரிந்தது. இந்தத் தெருவில் தேவைப்பட்டவர்களே இல்லை, வேறு தெருவுக்கு மாற்றலாம் என்றுகூடப் பேசினோம்.

அந்தச் சமயம் என் மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தது. பதினோரு நாள். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்குகிறேன், வீட்டில் ஒன்றும் இல்லை, சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. கடை எல்லாம் மூடியாகிவிட்டது. சமைத்தது கூடாது என்ற விதி இருந்தும் யாரோ வைத்த ஒரு தயிர்சாதப் பொட்டலம் ஃப்ரிட்ஜில் தெரிகிறது. நான் வாங்கி வைத்த ஃப்ரிட்ஜ்.  ஆனாலும் கை போகவில்லை. பலகையைப் பார்த்தேன், கேமராவைப் பார்த்தேன், தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். அப்புறம் எடுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டேன், விளக்கைக்கூடப் போடாமல் சாப்பிட்டேன். கடுகும் இஞ்சியும் தாளித்த தயிர்சாதம். மாதுளை முத்து போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக மாதுளை உரித்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பலகையைக் கழற்றினோம். இப்போது இருப்பது: 'யாரும் வைக்கலாம். யாரும் எடுக்கலாம்.' கேமராவை ஃப்ரிட்ஜிலிருந்து திருப்பித் தெருமுனை பார்த்து வைத்தோம். இன்னொன்றும் முடிவு செய்தோம். வைப்பவர்கள் வாரத்தில் ஒருதரமாவது எடுக்க வேண்டும். ஒரு கீரைக்கட்டு, இரண்டு பழம், எதுவானாலும் சரி. ஆசிரியை, ஆடிட்டர், ஆட்டோக்கார அண்ணன், எல்லாரும் எடுப்பதைத் தெரு பார்த்தது. அதற்குப் பிறகுதான் காவல்கார அண்ணனுக்கும் பேச்சு வந்தது. காய் விஷயத்தை அவர் சொன்னதே அப்புறம்தான். (2-ஆம் தேதி எழுதியதில் இந்த வரிசை தெரியவில்லை. பலகை மாறியது முதலில், விதி மாறியது பிறகு.)

22 ஏப்ரல், காலை 7.30
படம் எடுப்பதைப் பற்றி: கூடவே கூடாது. பிறந்தநாளுக்கு 50 பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்த ஒரு குடும்பம், வாங்குபவரோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஃப்ரிட்ஜை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரியாணியும் போய்விட்டது. எனக்கு வருத்தம் இல்லை.

"யார் வீட்டுச் சாப்பாடு என்று எழுதுங்கள்" என்றும் ஒருவர் கேட்டார். சைவமா அசைவமா என்று எழுதுகிறோம், பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறது, அசைவத்துக்குக் கீழ்த்தட்டு. அதற்கு மேல் அவர் கேட்க வந்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

4 மே, மதியம் 2.15
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலையிலிருந்து இரண்டு முறை மின்சாரம் போய்வந்தது. ஸ்டெபிலைசர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். உள்ளே 200 ரூபாய் வெப்பமானி ஒன்று தொங்க வேண்டும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது கண்ணாடிக் கதவுக்கு மேற்கு வெயில் பட்டால் உள்ளே 12 காட்டும். கிழக்குப் பார்த்து, நிழலில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முதல் கோடையில் இதைக் கவனிக்காமல் கம்ப்ரசர் போயிற்று. செலவு 6,500.

மின்சாரம் எந்த வீட்டிலிருந்து இழுக்கிறீர்களோ அங்கே தனி மீட்டர் போட்டுவிடுங்கள். எங்களுக்கு மாதம் 90 யூனிட் பக்கம் வருகிறது. ஆறு பேரும் பிரித்துக் கட்டுகிறோம்.

4 மே, இரவு 9.40
மின்சாரம் என்றதும் நினைவு வருகிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் நான்கு நாள் கரண்ட் இல்லை, தெருவில் முட்டிவரை தண்ணீர். ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரிதான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த அலமாரி. மாடி வீட்டுக்காரர்கள் பால் பவுடர், பிஸ்கட், மெழுகுவர்த்தி, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து மேல்தட்டில் வைத்தார்கள். பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்த நேரம். கைக்குழந்தை இருக்கும் வீடு முதலில் எடுக்கட்டும் என்று யாரோ அட்டையில் எழுதி ஒட்டினார்கள். யாரும் காவல் இருக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பால் பவுடரை வேறு யாரும் தொடவில்லை.

12 மே, இரவு 10.30
உங்கள் தம்பியின் பயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சென்ற ஆண்டு வைகாசி முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்திலிருந்து சமையல் ஒப்பந்தக்காரர் ஆள் ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, யாரிடமும் கேட்காமல் 60 பொட்டலம் சாம்பார் சாதத்தைத் திணித்துவிட்டுப் போனார். மதியம் வடித்த சோறு. அத்தனையையும் உள்ளே அடைத்ததால் காற்று ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் முழுக்கச் சூடாகிவிட்டது. காலை ஆறரைக்கு நான் வருவதற்குள் எட்டுப் பொட்டலம் போயிருந்தது. கட்டடவேலைக்கு வந்த இரண்டு பேருக்கு வயிற்றால் போய், ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மூன்று நாளில் தேறிவிட்டார். நானும் கீழ் வீட்டு அக்காவும் தினமும் போய்ப் பார்த்தோம். "நீங்க வேணும்னு செய்யலையேம்மா" என்று அவர்தான் எங்களைத் தேற்றினார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

எட்டு நாள் மூடினோம். திறந்தபோது மூன்று மாற்றம். ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டு, காலை ஆறரைக்குத் திறப்பு. சாவி இஸ்திரி அண்ணனிடமும் எங்கள் ஆறு பேரிடமும். தேதிக்குப் பதிலாகக் கிழமைக்கு ஒரு நிறத்தில் துணிக் கிளிப், ஏனென்றால் எடுப்பவர்கள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அப்புறம், மண்டபச் சாப்பாடு எங்கள் ஃப்ரிட்ஜுக்குக் கிடையாது. அண்டாக் கணக்கில் மீந்தால் அதற்கென்று வண்டி வைத்து எடுத்துப்போகும் அமைப்புகளிடம் சொல்ல வேண்டும். 300 லிட்டர் ஃப்ரிட்ஜ் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சாமான். அதன் அளவு அவ்வளவுதான்.

கொச்சியில் எந்நேரமும் திறந்திருந்தது என்று மார்ச்சில் பெருமையாக எழுதினேன். அது உணவக வாசல், ஆள் நடமாட்டம் இருக்கும் இடம். நம் தெருவுக்கு அது சரிப்படாது.

19 மே, காலை 11.00
சட்டம் கேட்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்றே 2019-ல் விதிமுறைகள் கொண்டுவந்தது. ஓட்டல், கேட்டரிங் மாதிரித் தொழிலாக உணவு செய்து மீந்ததைக் கொடுப்பவர்களும், அதை வாங்கி விநியோகிக்கும் அமைப்புகளும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது செய்தது, எதுவரை உண்ணலாம், சைவமா அசைவமா, இவ்வளவும் ஒட்டியிருக்க வேண்டும். வீட்டுச் சாப்பாடுதானே என்று விட்டுவிடாமல், யார் வீடு என்பதைத் தவிர மற்றதையெல்லாம் நீங்களும் பின்பற்றிவிடுங்கள். ஆரம்பிக்கும் முன்பே உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பாருங்கள். நாங்கள் அந்த எட்டு நாளில்தான் போனோம். அவர் திட்டவில்லை, வெப்பமானி யோசனையே அவருடையதுதான். முதலிலேயே போயிருக்க வேண்டும்.

26 மே, மாலை 5.45
சின்னச் சின்ன விஷயங்கள். யாரோ பாதி மாத்திரை அட்டைகளை வைக்கிறார்கள், உடனே எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. பச்சை மீன், கறி வேண்டாம். இட்லி மாவைத் தளும்பத் தளும்ப டப்பாவில் வைத்தால் கதவு திறந்து திறந்து மூடும் சூட்டில் பொங்கி மூடி தெறிக்கும். எங்கள் கூலருக்கு ஒருமுறை வெள்ளையடித்துவிட்டது. சாமிக்கு வைத்த மல்லிகைப்பூவை ஒரு மாமி வைத்துவிட்டுப் போவார். அதைப் பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் எடுத்துவிடுவார்கள். பூவுக்கு விதி எதுவும் நாங்கள் போடவில்லை.

9 ஜூன், இரவு 8.20
நாளை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். இரண்டு கோடை பார்த்ததில் கவனித்தது இது: ஏப்ரல் கடைசியிலிருந்து பிள்ளைகள் வருவது கூடுகிறது. பள்ளி நடக்கும்போது காலைச் சிற்றுண்டி, மதியம் சத்துணவு. விடுமுறையில் இரண்டும் இல்லை. அம்மா அப்பா ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு அண்ணனும் தங்கையுமாக வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பார்கள். இந்த மே மாதம் முழுக்க அவித்த கடலை, வேகவைத்த முட்டை, மோர் என்று பிள்ளைகளுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கினோம். மோர் முதலில் தீரும், முட்டை இரண்டாவது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே இதற்குப் பணம் சேர்க்க வேண்டும்.

23 ஜூன், காலை 9.15
மதுரைக்காரர் கண்ணாடிக் கூலர் பார்த்துவிட்டதாகவும் தம்பியே வண்டி பேசுவதாகவும் எழுதியிருக்கிறார். கொண்டுவரும்போது படுக்க வைத்து ஏற்றாதீர்கள். படுத்து வந்தால் இறக்கி நிமிர்த்தி வைத்து, ஒரு நாள் விட்டு கரண்ட் கொடுங்கள். பலகையில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று எழுதுவதற்கு முன்னால் இங்கே சொல்லுங்கள்.